முன் பிரேக்கைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் விடிவதற்குள்ளாகவே ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள்கள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. மணிக்கணக்கில் மூச்சு வாங்க ஏறுகிறவர்கள் இறங்கும்போது அதில் கால்வாசி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. காதில் காற்று இரைய இறங்கும் அந்தச் சுகத்தைக் குறை சொல்ல மாட்டோம். பலர் ஏறுவதே அதற்காகத்தான். ஆனால் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு ஊரெல்லாம் சொல்லித் தரும் ஓர் அறிவுரை உண்டு: “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்.” தெருவில் அது சின்னப் பிழை. மலையில் ஆளைக் கொல்லும்.

பிரேக் பிடித்த நொடியில் எடையின் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்திலோ அது ஏற்கெனவே முன்னால்தான் சாய்ந்திருக்கிறது. பின் சக்கரம் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்த்தபடி பக்கவாட்டில் இழுக்கும். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சாலையில், காய்ந்த தாரில், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிளை இரண்டு பிரேக்கும் சேர்ந்து ஏறத்தாழ 15 மீட்டரில் நிறுத்தும். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டர் ஆகும். ஆபத்தைக் கண்டு விரல் அசைவதற்குள் கழியும் ஒரு நொடிக்கு இன்னொரு 11 மீட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சரிவில் மிதிக்காமல் விட்டாலே வேகம் 50, 60-ஐத் தொட்டுவிடும். 60-ல் இரண்டு பிரேக்கையும் பிடித்தாலும் 35 மீட்டர் தேவை.

அப்படியானால் குப்புற விழுகிறவர்கள் ஏன் விழுகிறார்கள்? சைக்கிள் நிற்கிறது, ஆள் நிற்பதில்லை என்பதுதான் காரணம். கை தளர்ந்திருந்தால் உடம்பு ஹேண்டில்பாரைத் தாண்டிப் போகும். எனவே பிரேக்கைத் தொடும் முன்பே இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்து, கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பின் சக்கரம் லேசானால் கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். இன்னொன்று: நம் ஊர் சைக்கிள்களில் வலது கைப்பிடி பெரும்பாலும் முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வரும் சிலவற்றில் அது இடது கையில் இருக்கும். இரவல் வண்டி என்றால் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. எழுபது கிலோ ஆளும் பதினைந்து கிலோ சைக்கிளும் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று எடுத்துக்கொண்டதுபோக மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான் வருகிறது. பயத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், டியூபில் காற்றழுத்தம் ஏறும், பழைய பஞ்சர் ஒட்டின் பசை இளகும், டயர் வெடிக்கும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் கருகிய வாடை வரும், பிடிமானம் குறையும். நேரான இடத்தில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, மறுபடி விடுவதே முறை. ஐந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்து நில்லுங்கள். ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் பத்து நிமிடம் உட்காருங்கள், விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு மண் சாலையில் மலையிறக்கப் பந்தயங்கள் தொடங்கின. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் கொண்ட பழைய சைக்கிள்கள் அவை. ஒரே இறக்கத்தில் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ‘ரீபேக்’ என்று அந்தச் சாலைக்கே பெயர் வந்தது அதனால்தான்.

ஏற்காடு பாதையில் கொண்டை ஊசி வளைவு இருபது. வேகத்தை வளைவுக்குள் குறைக்க முயல்வதுதான் பலரும் செய்யும் தவறு. சாய்ந்திருக்கும் டயருக்குத் திரும்புவதற்கே பிடிமானம் போதாது. பிரேக்கும் சேர்ந்தால் வழுக்கிவிடும். வேகத்தை நேராக இருக்கும்போதே குறைத்துவிட்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதில் எடையை ஊன்றி, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் வேகம் மிஞ்சினால் எதிர்ச்சாரிக்குத் தள்ளப்படுவீர்கள். மேலேறும் பேருந்துக்கு அங்கே சாலையின் முழு அகலமும் தேவை, வழிவிட வேண்டியதும் இறங்குகிறவரே. போதாக்குறைக்குக் குரங்குகள், மூடுபனி, மழைக்குப் பிறகு உள்மடிப்பில் சேரும் மணல்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியதற்குக் கால்மணி நேரம் போதும். பிரேக் கைப்பிடியை முழுக்க இழுத்தாலும் ஹேண்டில்பாருக்கு இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். கேபிளில் ஒரு பிரி அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டையில் வரிப்பள்ளம் அழிந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. கட்டை டயரில் உரசினால் டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். டிஸ்க் தகட்டில் செயின் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் பிடிக்காது. புது டிஸ்க் பிரேக்கை வாங்கியதும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சமதரையில் இருபது தடவை வேகமெடுத்து அழுத்திப் பிடித்துப் பழக்கிய பிறகே அது முழுதாகப் பிடிக்கும். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஹேண்டில் தண்டில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் உடனே இறுக்கச் சொல்லுங்கள். வேகத்தில் ஹேண்டில் உதறுவதற்கு அந்தத் தளர்ச்சியும் பின் கேரியரில் கட்டிய சுமையும் காரணமாகலாம். உதறல் வந்தால் இறுகப் பிடிக்கக் கூடாது. பிடியைத் தளர்த்தி, இரண்டு முழங்காலாலும் மேல்பாரை நெருக்கி, சீட்டிலிருந்து எடையைச் சற்றே தூக்கி, மெல்ல வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும்.

ஹெல்மெட் வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். பார்சிலோனா ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற ஃபாபியோ காசார்தெல்லி 1995-ல் டூர் டி பிரான்ஸ் போட்டியில், மற்ற வாகனங்களுக்கு மூடப்பட்ட சாலையில், மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. உலக சைக்கிள் சம்மேளனம் தொழில்முறைப் பந்தயங்களில் அதைக் கட்டாயமாக்கியது 2003-ல்தான்.

நெடுஞ்சாலைத் துறையிடம் எங்கள் கோரிக்கை இரண்டு. மழை விட்ட மறுநாள் வளைவுகளின் உள்மடிப்பில் சேரும் மணலைக் கூட்டி அள்ள வேண்டும். வேகத்தடைகளின் வெள்ளைக்கோடு அழியும்போதெல்லாம் மறுபடி பூச வேண்டும். நிழலில் கிடக்கும் பூச்சில்லாத வேகத்தடை, மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் பத்தடி முன்னால்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டுவோரும் பழுதுபார்ப்போரும்,
சேலம்.