டோனி ஐயோமி: சுருதி இறங்கியது மூன்றாவது ஆல்பத்தில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹெவி மெட்டல் என்னும் கனத்த ராக் இசைக்குத் தமிழ் இதழ்களில் நான்கு பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் “விபத்தில் இடக்கை விரல்கள் போயின; அதனால் முதல் ஆல்பத்திலிருந்தே தந்திகளைத் தளர்த்தி வாசித்தார்; மெட்டல் பிறந்தது” என்ற கதையில் கையும் தவறு, காலமும் தவறு. நடுவில் நடந்த வேலை முழுவதும் விடுபட்டிருக்கிறது.

முதலில் கை. ஐயோமி இடக்கைக்காரர். அதாவது இடக்கையால் மீட்டி, வலக்கையால் தந்தியை அழுத்துபவர். 1965இல், 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் அவருக்கு அது கடைசி வேலை நாள். வழக்கமாக அந்த அழுத்து இயந்திரத்தை ஓட்டுபவர் வராததால் இவரை அதில் நிறுத்தினார்கள். இயந்திரம் வலக்கை மேல் இறங்க, அனிச்சையாகக் கையை இழுத்ததில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. அழுத்தும் கை அது என்பதால்தான் இத்தனை சிக்கல். மீட்டும் கையாக இருந்திருந்தால் தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக்கைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போதும், இந்தக் கதையே இருந்திருக்காது.

மனமுடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியதைக் கட்டுரை சொல்கிறது, சரிதான். 1928இல் தீவிபத்தில் இடக்கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிய பிறகு, மற்ற இரண்டு விரல்களால் ஜாஸ் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ரைன்ஹார்ட். ஆனால் ரைன்ஹார்ட்டின் வழி ஐயோமிக்கு ஒத்துவராது. அவர் பழுதான விரல்களை ஒதுக்கிவிட்டு வாசித்தார். ஐயோமி பழுதான விரல்களையே வேலை வாங்க நினைத்தார்.

அதற்கு அவர் செய்த விரலுறையைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டார். விரல் போல ஆகும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். பிளாஸ்டிக் மட்டும் என்றால் தந்தி வழுக்கும். அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். இங்கே தோலின் பதம் முக்கியம். சொரசொரப்பு கூடினால் தந்தி ஒட்டிக்கொண்டு விரல் அடுத்த சுரத்துக்கு நகராது, மழமழப்பு கூடினால் தந்தியை வளைக்கும்போது பிடி நழுவும். அதனால் புதுத் தோலைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்க வேண்டும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒன்று மட்டும் திரும்பி வராது: தொடு உணர்ச்சி. தந்தி விரலடியில் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. தெரியாதபோது கை தேவைக்கு மேல் அழுத்தும், வலிக்கும், அழுத்திய சுரமும் சற்று ஏறி ஒலிக்கும். இதற்கு அவர் கண்ட முதல் தீர்வு தளர்த்துவது அல்ல, மெல்லிய தந்தி. பர்மிங்காம் கடைகளில் அப்போது கிடைத்தது தடித்த தொகுப்புதான். ஆகவே மேல் சுருதித் தந்தி இரண்டுக்கும் பாஞ்சோ தந்தியைப் போட்டு, மற்றவற்றை ஒவ்வொரு படி மெலிதாக்கிக்கொண்டார்.

கணக்குப் போட்டால் லாபம் புரியும். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஐயோமி வாசித்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரின் 24¾ அங்குல நீளத்தில், மேல் ஈ (E) சுருதிக்கு 0.012 அங்குல விட்டமுள்ள தந்தி சுமார் 10 கிலோ இழுக்கும். 0.008 தந்தி அதே சுருதிக்குச் சுமார் 4.4 கிலோ. பாதிக்கும் கீழே! பிறகு வேல்ஸ் நாட்டு பிக்காட்டோ நிறுவனம் அவருக்காக மெல்லிய தொகுப்பைச் செய்து தந்தது. “மெல்லிய தந்தியைக் கண்டுபிடித்தவர் ஐயோமி” என்ற படக்குறிப்பும் மிகை. அமெரிக்காவில் எர்னி பால் என்பவர் அதை 1960களின் தொடக்கத்திலேயே விற்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது காலம். முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வெளியானது. இரண்டாவதான ‘பாரனாய்ட்’ அதே ஆண்டு செப்டம்பரில். இரண்டிலும் கிட்டார் வழக்கமான ஈ சுருதியில்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ‘அயர்ன் மேன்’ பாட்டோடு ஒரு கிட்டாரைச் சேர்த்து வாசித்துப் பார்க்கலாம். தளர்த்தல் வருவது மூன்றாவது ஆல்பமான 1971இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில். ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘இன்டு தி வாய்ட்’ மூன்றிலும் ஈயிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கினார். நம் கணக்கில் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. இதனால் இழுவிசை இன்னும் முப்பது சதவீதம் குறையும்; அந்த 4.4 கிலோ ஏறக்குறைய 3.1 ஆகும். பாஸ் வாசித்த கீசர் பட்லரும் கூடவே இறங்கினார்.

அப்படியென்றால் தளர்த்தாத முதல் இரண்டு ஆல்பங்கள் ஏன் அவ்வளவு கனமாக ஒலிக்கின்றன? கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஒரு காரணம் சுரத் தேர்வு. குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாட்டின் அடிப்படை மூன்றே சுரம்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். பஞ்சமம் வர வேண்டிய இடத்தில் அதற்கு அரைச்சுரம் கீழே நின்று அங்கேயே அதிர விட்டுவிடுகிறார். இன்னொன்று ஷட்ஜம்–பஞ்சமம் மட்டும் கொண்ட பவர் கார்டு என்ற சுரக்கூட்டு. ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.6. இரண்டும் சேர்ந்து ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கரகரத்து உடையும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடாகிய 41.2 ஹெர்ட்ஸும் பிறக்கிறது, அதாவது வாசிக்காத கீழ் ஸ்தாயி ஷட்ஜம். உடைந்த ஒலியில் முழுக் கார்டு சேறாகிவிடும், இரண்டு சுரம் தெளிவாக நிற்கும்.

அடுத்தது கருவி. முதல் ஆல்பத்தை ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரில் தொடங்கினார். தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப் பழுதாகவே எஸ்ஜிக்கு மாறினார், பிறகு திரும்பவேயில்லை. (விபத்து ஒலியை உருவாக்கியது என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் இந்தச் சின்ன விபத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.) ஆம்ப், பர்மிங்காமிலேயே லிண்டன் லேனி கட்டிய 100 வாட் வால்வு ஆம்ப். இரண்டுக்கும் நடுவில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர், ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பெட்டி. அது மேல் அலைவரிசைகளை மட்டும் ஏற்றி ஆம்பை அதன் எல்லையில் முட்ட வைக்கும். கனமான ஒலிக்கு ‘பாஸ்’ குமிழை முழுதும் திருகுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் ஏற்றியது மேல் ஒலியை.

கட்டுரையின் முடிவில் இளைஞர்களுக்கு “நீங்களும் தளர்த்திப் பாருங்கள்” என்று சொல்லி நிறுத்தியது வம்பு. வீட்டிலிருக்கும் 0.009 தொகுப்பை அப்படியே ஒன்றரைக் கட்டை இறக்கினால், இழுவிசை குறைந்து கழுத்து பின்பக்கம் சாயும், முதல் சில பிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளில்) தந்தி இரையும். கழுத்துக்குள் ஓடும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவையானால் மட்டும் மறுபடி தொடலாம். 12ஆம் பிரெட் சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இவ்வளவு செய்தும் ஓங்கி மீட்டினால் முதல் கணம் சுருதி ஏறித்தான் பிறகு இறங்கும். ஐயோமியின் மீட்டல் அளவோடு இருப்பதைப் பழைய மேடைக் காட்சிகளில் பார்க்கலாம். விரல் நலமாக உள்ளவர்கள் 0.010 அல்லது 0.011 தொகுப்பு போட்டு இறக்குவதே உத்தமம். அப்போது கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைக் கீழ்த் தந்திகளுக்கு ஏற்பச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு தேதி. நால்வரும் சேர்ந்து வாசித்த கடைசி மேடை 2017 பிப்ரவரி பர்மிங்காம் நிகழ்ச்சி என்று போட்டிருக்கிறீர்கள். அதில் டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் இல்லை. ஓசி ஆஸ்போர்ன், ஐயோமி, பட்லர், வார்ட் நால்வரும் கடைசியாகச் சேர்ந்தது 2025 ஜூலை 5 அன்று அதே ஊரின் வில்லா பார்க் மைதானத்தில். இணையப் பதிப்பில் இந்தத் தேதியையும், “இடக்கை விரல்கள்” என்பதையும் திருத்திவிடுங்கள். அதே பக்கத்தில் உள்ள உங்கள் படத்திலேயே விரலுறை வலக்கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி