எரிக்காமல், ஒளிக்காமல்: ஹெலினா விட்பிரெட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஹெலினா அம்மாவுக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் என்ற பெண்ணின் நாட்குறிப்பைக் கண்டுபிடித்தவர் என்று உங்களைச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உங்களுக்கு முன்பே சிலர் படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்கள்.

1890களில் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஆன் வாழ்ந்த ஷிப்டன் ஹால் வீட்டில், அதே குடும்பத்து ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பரலும் நாட்குறிப்பில் இருந்த ரகசிய எழுத்தோடு மல்லுக்கட்டினார்கள். கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்த எழுத்து அது. ஒரு துண்டுக் காகிதத்தில் 'கடவுளே என்' என்பதுபோல ஒரு வரி, அதன் பிறகு நான்கு குறிகள். அது 'ஹோப்', அதாவது நம்பிக்கை என்று ஊகித்தார்கள், பூட்டு திறந்துவிட்டது. உள்ளே இருந்தது பெண்கள் மீது ஒரு பெண்ணுக்கு இருந்த காதல். எரித்துவிடு என்றார் பரல். ஜானுக்கு மனம் வரவில்லை, சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அப்புறம் நாட்குறிப்பு நகர நூலகத்துக்குப் போனது, அங்கே படித்தவர்களும் அந்தப் பகுதிகளை வெளியே விடவில்லை.

1983இல் ஐம்பது வயது கடந்த நீங்கள் ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் அங்கே போனீர்கள். மொத்தம் சுமார் 50 லட்சம் சொற்கள், ஆறில் ஒரு பங்கு ரகசிய எழுத்து! வாரம் 50 பக்கமாக நகல் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாக எழுத்தாக்கி, 1988இல் முதல் தொகுப்பை அச்சில் கொண்டுவந்தீர்கள்.

1821 ஜனவரி 29ஆம் தேதிக் குறிப்பை நான் எத்தனை முறை படித்திருப்பேனோ. ஓர் ஆண் எழுதித் தந்த கவிதையை ஆன் எரித்துவிடுகிறார், தான் பெண்களை மட்டுமே நேசிப்பதாகவும் வேறு எந்தக் காதலையும் தன் மனம் ஏற்காது என்றும் எழுதுகிறார். எதை எரிக்க வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அவர் வைத்திருந்ததைத்தான் பரல் எரிக்கச் சொன்னார், அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனும் அவருடைய காதலி ஆன் வாக்கரும் 1834 ஈஸ்டரில் சேர்ந்து நற்கருணை பெற்று தங்கள் உறவை உறுதிசெய்துகொண்ட யார்க் நகரத் தேவாலயத்தில், 2018இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதில் லெஸ்பியன் என்ற சொல்லே இல்லை. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டார்கள், அடுத்த ஆண்டே பலகை மாறியது, அந்தச் சொல்லும் ஏறியது. ஆன் தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்று தெரிந்திருந்ததால்தானே அவர்களால் அப்படி அடித்துக் கேட்க முடிந்தது? அதைப் படிக்கக் கொடுத்தவர் நீங்கள், அம்மா.

அன்புடன்,
உங்கள் வாசகி