சில்லர் ஓடாத அறையிலிருந்து

அன்புள்ள சந்துரு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்ட வேண்டியதை முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி. மைதிலிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, மாடி ஏறுகிறாளா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி குப்புறக் கவிழ ஆரம்பித்துவிட்டாள். நம் சிநேகிதன் மீட்டர் போன மாதம் வந்து இரண்டு நாள் தங்கிப் போனான். அவன் கணக்குப்படி நான் இன்னும் பதினொரு காபி பாக்கி. ஓய்வு பெற்ற பிறகும் வட்டியோடு வசூலிப்பான் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். யார் என்று எழுத மாட்டேன். நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், மைதிலியிடம்கூடச் சொல்லாதே. ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவிக்கு நான் விண்ணப்பிக்க வேண்டுமாம். “இந்தத் தடவை ஒரு சயின்டிஸ்ட் வரணும்னு பாக்குறாங்க சார். உலக ரேங்கிங்ல ஐந்நூறுக்குள்ள கொண்டு வரணும்” என்றார். எத்தனை வருஷத்தில் என்று கேட்டேன். “பதவிக்காலம் மூணு வருஷம்தானே சார்!” என்றார், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டது போல.

கமலாவிடம் சொன்னேன். “கார் உண்டா?” என்று கேட்டாள். உண்டு என்றேன். “அப்ப சரி, மார்க்கெட்டுக்கு ஆட்டோ செலவு மிச்சம்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் டிபார்ட்மென்டுக்குப் போனேன். நம் எக்ஸ்ரே டிஃப்ராக்டோமீட்டர் அறை உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ திறப்பு விழாவுக்கு வந்தபோது செருப்பை வெளியே விடச் சொல்லி அதட்டினேனே? அந்த அறைதான். மெஷினைக் குளிர்விக்கிற சில்லர் பழுதாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஃபைல் ஒவ்வொரு மேஜையாகப் போய் ஒவ்வொரு கேள்வியோடு திரும்பி வருகிறது. கடைசியாக வந்த கேள்வி: “குளிர்விப்பான் எதற்கு, அறையில் ஏற்கெனவே ஏசி உள்ளதே?” எக்ஸ்ரே குழாய்க்குள் என்ன சூடு என்பதை அரைப் பக்கம் விளக்கி எழுதினேன். பதில் வரவில்லை. மெஷின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம், உறைக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது. இப்படியொரு அறையின் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு உலகத்தில் ஐந்நூறுக்குள் எப்படி வருவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து அறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஆராய்ச்சி மாணவி, தரவரிசைப் படிவத்துக்கு எக்செல் நிரப்பிக்கொண்டிருந்தாள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016இல் முதல் பட்டியல் போட்டபோது நாமெல்லாம் வேடிக்கை பார்த்தோம். இப்போது அதற்கென்றே ஆள். கற்பித்தலுக்கு முப்பது, ஆராய்ச்சிக்கு முப்பது, வெளியில் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்குப் பத்து. அந்தப் பத்துக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. அவள் போனுக்கு அப்போதே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது, காட்டினாள். ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்ப் பட்டியலில் ஏறும் கட்டுரையில் கட்டுரையாசிரியர் இடம் விற்பனைக்கு! முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாவது பெயருக்கு ஒரு விலை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு மாதிரி.

எரிச்சலில் அவளிடம், மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் பழைய துணைவேந்தர் முதலியார் கதையை ஆரம்பித்தேன். “எந்த முதலியார் சார், ஸ்போர்ட்ஸ் மீட் முதலியாரா?” என்றாள். கோபம் வரவில்லை சந்துரு. மெட்ராஸ் யுனிவர்சிட்டி தடகளப் போட்டிக்கு அவர் பெயர், தரமணி வளாகத்துக்கு அவர் பெயர். அவள் என்ன செய்வாள்? மைதிலியாவது பிரசவப் பாடத்தை முதலியார்–மேனன் புத்தகத்தில் படித்திருப்பாள். நாம் ரெண்டு பேரும் ஏழு வருஷம் அதன் கிண்டி வளாகத்து இருட்டறையில் ஃபிலிம் கழுவினோமே, அவரை நினைத்தோமா? லேபிலிருந்த பெரியவர் எப்போதாவது அவர் பேச்சை எடுப்பார், நாம் கேன்டீனுக்கு நழுவிவிடுவோம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அவளுக்குச் சொல்லும்போது எனக்கே அதில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது, அதற்காகத்தான் எழுதுகிறேன். ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942இல் துணைவேந்தர் ஆகிறார், 1969 வரை இருக்கிறார். 27 வருஷம். பிரசவம் பார்க்கிற டாக்டர் அவர். இயற்பியல் துறைக்குத் தலைமை வேண்டும் என்றதும் நேரே சி.வி. ராமனிடம் போகிறார். ராமன், நான் வரவில்லை, என் மாணவன் ஒருவன் இருக்கிறான் என்கிறார். அந்த மாணவன்தான் ஜி.என். ராமச்சந்திரன். 1952இல் கிண்டிக்கு வரும்போது முப்பதைத் தொட்ட வயது. இன்றைக்கு அந்த வயதில் நம்மிடம் வருகிறவனைக் கௌரவ விரிவுரையாளர் ஆக்கி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை உத்தரவு கொடுப்போம். அவருக்கு ஒரு துறையையே கொடுத்து, எக்ஸ்ரே லேப் போடப் பணமும் கொடுத்தார்கள்.

அதே வருஷம் எக்ஸ்ரே படிகவியலில் பெரிய ஆளான ஜே.டி. பெர்னல் மெட்ராஸ் வருகிறார். தோலையும் தசைநாரையும் தாங்குகிற புரதமான கொலாஜனுக்குச் சொல்லப்படுகிற அமைப்பு எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். கொலாஜன் எங்கே கிடைக்கும்? தோலில். தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது! அங்கிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கிவந்து ஜி.என்.ஆரும் கோபிநாத் கர்த்தாவும் படம் எடுக்கிறார்கள். 1954இல் ‘நேச்சர்’ இதழில், மூன்று சங்கிலி சேர்ந்து திரிந்த முப்புரி அமைப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு இது புரியவில்லை. மேஜைக்கடியில் விடைத்தாள் கட்டு கிடந்தது. அதன் சணலில் மூன்று துண்டு வெட்டி, ஒரு நுனியை அவள் பிடிக்க, நான் திரித்தேன். திரியத் திரிய நடுவில் இடமே இல்லாமல் போயிற்று. “இந்த நடுவுக்குள்ள என்ன நிக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துவிட்டு, “ரொம்பச் சின்னதுதான் சார்... கிளைசின்!” என்றாள். கொலாஜன் சங்கிலியில் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசின், இருப்பதிலேயே சின்னது, என்று மனப்பாடமாகப் படித்திருக்கிறாள், ஏன் என்று இப்போதுதான் கேட்டுக்கொண்டாளாம். அன்றைக்கு அந்த எக்செல்லை மூடிவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது, அது வேறு கதை.

இனிமேல்தான் எனக்குப் புதிதாகப் பட்டது. இங்கிலாந்திலிருந்து கிரிக்கும் ரிச்சும் ஜி.என்.ஆர். மாதிரியில் குற்றம் கண்டுபிடித்தார்கள் அல்லவா, சில அணுக்கள் தேவைக்குமேல் நெருங்கி நிற்கின்றன என்று? நம் ஊர் ஆள் என்றால் அடுத்த கூட்டத்தில் சண்டைக்குப் போவான். இவர் அந்தக் குற்றச்சாட்டையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் கூட உட்கார, மேஜைக் கால்குலேட்டரில் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டார்கள். சங்கிலி கண்ணிக்குக் கண்ணி திரும்புவதை அளக்க ஃபை, சை என்று இரண்டே கோணம், ஒரே சதுரம், அதில் புரதச் சங்கிலி இருக்கக்கூடிய இடம், இருக்கமுடியாத இடம். 1963இல் வெளிவந்தது. இன்றைக்கும் உலகத்தில் எவன் புரத அமைப்பு ஒன்றைத் தீர்த்தாலும் அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் படத்தில்தான் புள்ளி வைக்கிறான்.

1954இலிருந்து 1963. ஒன்பது வருஷம். இப்போதைய கணக்கில் மூன்று துணைவேந்தர்கள் வந்து போயிருப்பார்கள். மூன்று பேரும், “இங்கிலாந்துக்காரன் தப்பு என்று சொன்ன வேலை எந்த நிலையில் உள்ளது?” என்று ஆறு மாதத்துக்கொரு அறிக்கை கேட்டிருப்பார்கள். அந்த ஒன்பது வருஷமும் நாற்காலியில் இருந்தது ஒரே டாக்டர். பிரசவ வலிக்கு நேரம் காலம் கிடையாது என்று தெரிந்த ஆள்!

ஜி.என்.ஆர். ஒருவருக்கு மட்டும் வந்த அதிர்ஷ்டம் என்று நீ சொல்வாய். இல்லை, அதே முதலியார் காலத்தில்தான் தாவரவியலில் சதாசிவன், தத்துவத்தில் டி.எம்.பி. மகாதேவன். அழகப்பச் செட்டியார் தொடங்கிய ராமானுஜன் கணித நிலையம் அவர் 1957இல் மறைந்ததும் ஆடிப்போனபோது அதைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 60களில் யு.ஜி.சி. உயர்நிலை ஆய்வு மையங்கள் என்று தேர்ந்தெடுத்தபோது மெட்ராஸுக்கு ஒன்றுக்கு மேல் கிடைத்ததை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதமுடியாது.

உன் அடுத்த கேள்வியும் தெரியும். ஒருத்தரே 27 வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தால் இன்றைக்கு விடுவோமா என்பாய். விடமாட்டோம். நீதான் முதலில் கொடி பிடிப்பாய், 88இல் மெஸ் பில்லுக்கே பிடித்தாய். எனக்கும் அந்த 27 வருஷத்தில் ஒரு உறுத்தல் இருக்கிறது. முதலியார் 1969இல் போனார், 1970இல் ஜி.என்.ஆரும் கிளம்பிவிட்டார். அப்புறம் சிகாகோ, பெங்களூர். 1971இல் பெங்களூரில் அவர் தொடங்கிய மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு இன்றைக்கும் தழைத்து நிற்கிறது. கிண்டியில் மிச்சம் இருந்ததில்தான் நாம் படித்தோம், நல்ல மிச்சம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர் எழுந்துபோன அடுத்த வருஷமே இன்னொருவரும் போகிறார் என்றால், அத்தனை வருஷமும் தாங்கியது பல்கலைக்கழகமா, முதலியாரா? இப்போது பார், 2023 ஆகஸ்டில் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் துணைவேந்தரின் காலம் முடிந்ததும் நாற்காலியைக் காலியாக வைத்துக் குழு போட்டு ஓட்டினார்கள். பழைய சுவர்கள் பாவம், எல்லாவற்றையும் தாங்குகின்றன.

இவ்வளவு எழுதியது ஒன்றைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்தக் குண்டுப் பையனை நினைவிருக்கிறதா, என் வீட்டில் உன்னோடு நள்ளிரவு வரை தண்ணீர் மூலக்கூறு பற்றிச் சண்டை போட்டானே? “இவனை விட்டுவிடாதே” என்று காலையில் ரயில் ஏறும்போதுகூட நீ சொன்னாய். நான் துறைத்தலைவராக இருந்த நேரம். தர மதிப்பீட்டுக்குக் குழு வருகிறது, நல்ல ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேலே கேட்டார்கள். அவன் பெயரைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், யாரும் வற்புறுத்தவில்லை. பதினெட்டு மாதம் அவன் ஃபைல் கட்டினான், கழிப்பறை எண்ணினான், குழுவுக்குப் பொன்னாடை வாங்கினான். நல்ல கிரேடு வந்தது. எல்லோருக்கும் கேக் வெட்டினோம். ஒரு நாள் என் அறைக்கு வந்து, “சார், நான் கடைசியா ஒரு டேட்டா எடுத்து ரெண்டு வருஷம் ஆகுது” என்றான். குரலில் கோபமே இல்லை. இப்போது கொரியாவில் இருக்கிறான். அவன் கட்டுரை வரும்போதெல்லாம் திறந்து, முகவரி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

என்னிடம் ஒரு பையன் வந்தான், அவனை நான் கழிப்பறை எண்ண அனுப்பினேன். இந்த லட்சணத்தில் போனில் அந்த மனிதர் “ஒரு சயின்டிஸ்ட் வரணும்” என்கிறார். ஆயிரம் பேர் சம்பளமும் ஓய்வூதியப் பாக்கியும் சங்கக் கூட்டமும் என் மேஜைக்கு வந்தால் நான் யாரை எதற்கு அனுப்புவேன்? சில சமயம், பட்டவனுக்குத்தான் தெரியும், போ என்று தோன்றுகிறது. சில சமயம், அந்தக் காருக்குத்தான் ஆசைப்படுகிறேனோ என்று தோன்றுகிறது. சிரிக்காதே.

கடைசித் தேதி வருகிற 28. தொலைநோக்குத் திட்டம் என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும். உலகத் தரம், பன்னாட்டுக் கூட்டுறவு, புத்தாக்கம் எல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், போன ஆளுடையதைக் காப்பி அடித்த மாதிரியே இருந்தது, கிழித்துவிட்டேன். நேற்று ராத்திரி கொரியாவுக்கு ஒரு மெயில் போட்டேன். விண்ணப்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பதில் இன்னும் வரவில்லை.

நீ போன் செய்யாதே. போனில் நீ ஜோக் அடிப்பாய், நானும் சிரித்துவிடுவேன். உட்கார்ந்து எழுது.

என்றும் உன்,
ராகவன்

பி.கு.: பெங்களூரில் உன் லேபுக்கு சில்லர் மோட்டார் சுற்றித் தந்த கிழவர் இன்னும் கடை வைத்திருக்கிறாரா? நம்பர் அனுப்பு. ஃபைலை நம்பியது போதும், மோட்டாரைக் கழற்றி நானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறேன். பல்லிக் குஞ்சு வெளியே வரட்டும் என்றுதான் பார்க்கிறேன்.