சிமிட்டும் விளக்கும் அணையாத விளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார் விபத்துச் செய்திகள் பெரும்பாலும் 'அதிவேகமாக வந்த கார் கட்டுப்பாட்டை இழந்தது' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. கார் வழுக்கிச் சுழலாமல் காக்கும் இ.எஸ்.சி. என்ற ஏற்பாடு அந்தக் காரில் இருந்ததா, ஓட்டியவர் அதை அணைத்து வைத்திருந்தாரா, டயர்கள் எப்படி இருந்தன என்று யாரும் கேட்பதில்லை.

இ.எஸ்.சி., அதாவது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், செய்வது ஓர் ஒப்பீடு. ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் கோணத்தையும் சக்கரங்களின் வேகத்தையும் வைத்து, ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்று கணக்கிடும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை வேறு சென்சார்கள் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தேவைப்படும் சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு, என்ஜின் விசையையும் குறைக்கும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது. அவர் காலடியில் இருப்பது நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பெடல்.

மழையில் நனைந்த இடது வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்சக்கரங்களில் விசை பாயும் கார். வளைவின் நடுவில் வேகம் அதிகம் என்று பயந்து ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறார். எடை முன்னால் சாய்கிறது, பின்டயர்கள் பிடி விடுகின்றன, காரின் பின்பக்கம் வலப்புறமாக வெளியே வீசுகிறது. அந்தக் கணமே வலது முன்சக்கரத்தில் பிரேக் விழும். காரின் மூக்கு வலப்பக்கம் இழுபட்டுச் சுழற்சி அடங்கும். மாறாக, முன்டயர்கள் வழுக்கிக் கார் திரும்பாமல் நேரே ஓடினால், பிரேக் விழுவது இடது பின்சக்கரத்தில். அப்போதெல்லாம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். சிமிட்டினால் வேலை செய்கிறது என்று பொருள். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

'கை பழகியவனுக்கு இதெல்லாம் எதற்கு' என்பவர்கள் ஆடி டிடி காரை நினைத்துப் பார்க்கலாம். 1998-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கார், அதிவேகத்தில் திடீரெனத் திருப்பும்போது நிலைகுலைந்து பல விபத்துகளுக்கு உள்ளானது. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, பின்பக்கம் காற்றில் மேலெழாமல் தடுக்கும் ஸ்பாய்லர் வைத்தது, இ.எஸ்.பி.யும் சேர்ந்தது. (இ.எஸ்.பி. என்பதும் இதே ஏற்பாட்டின் இன்னொரு பெயர்தான்.) இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புதிய கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயம்.

ஆனால் டயரில் இல்லாத பிடிமானத்தை இ.எஸ்.சி. உண்டாக்காது. ஒரே வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்கு. தேய்ந்த டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கும்போது எந்தச் சக்கரத்தில் பிரேக் போட்டும் பயனில்லை. முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள கார்களில், கம்பெனி குறித்த அளவை மாற்றிப் போட்டால் சக்கர வேகக் கணக்கே பிசகும்.

பட்டறைத் தவறுகளும் உண்டு. வீல் அலைன்மென்ட் செய்தபின், தேவைப்படும் கார்களில் ஸ்டீயரிங் சென்சாரை ஸ்கேனர் மூலம் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவராவிட்டால், நேர் சாலையிலும் கார் திரும்புவதாக இ.எஸ்.சி. நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் பிரேக் பிடிக்கக்கூடும். சக்கர வேகத்தை அளக்க உதவும் காந்த வளையம் உள்ள வீல் பேரிங்கைத் தலைகீழாக மாட்டினால் சென்சாருக்கு சிக்னலே வராது.

இ.எஸ்.சி.யை அணைக்கும் பட்டனைப் பற்றியும் குழப்பம் நிறைய. பல கார்களில் ஒருமுறை தட்டினால் அணைவது, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் இ.எஸ்.சி. அணையும். 'ஸ்போர்ட்' மோடில் அது அணைவதில்லை, கூடுதலாக வழுக்க விட்டுவிட்டுத் தாமதமாகத் தலையிடும். ரேஸ் டிராக்கில் அதற்கு நியாயம் உண்டு, பொதுச்சாலையில் கிடையாது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் இக்னிஷனைப் போட்டதும் அந்த மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள். ஒருமுறை எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாகனப் பொறியாளர் ஒருவர்