ஸ்டேப்ளர் அடித்த நோட்டுக்கு நன்றி

அல்சூர், பெங்களூரு
டிசம்பர் 2024

இந்த ஆண்டு என்னை மறுபடியும் தியேட்டரில் உட்காரவைத்த எல்லோருக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள், இரைச்சலோடு தகடு வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். காது போன கதையை நீட்ட வேண்டியதில்லை. முழுச் செவிடும் இல்லை. உயிரெழுத்து கேட்கும், வல்லினம் காதில் விழாது. கடை, படை, தடை மூன்றும் எனக்கு ஒரே சொல்தான். வசனத்தையே சோறாகப் போடும் நம் சினிமாவை இப்படியொரு காதை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? நான்கு ஆண்டுகள் ஒதுங்கியே இருந்தேன். இந்த ஆண்டு பதினான்கு படம் பார்த்துவிட்டேன்.

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த என் பழைய நண்பரே, அதில் பாதிக்கு மேல் உங்கள் கணக்கு. முதல் நாளே தனியாகப் போய்ப் படம் பார்த்துவிட்டு, யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் காட்சியில் என்ன பேச்சு என்று நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். கதை தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்று நான் முரண்டு பிடித்தபோது ஒரு வழி கண்டுபிடித்தீர்களே, அதை எந்தப் பொறியாளரும் யோசித்திருக்க மாட்டார். ஜூன் மாதம் 'மகாராஜா' வந்தபோது, இடைவேளைக்குப் பிந்தைய பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டீர்கள். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடி நகத்தால் முள்ளைப் பெயர்த்தேன். அதற்குள்ளும் கடைசிப் பக்கம் தனியாக மூடியிருந்தது. 'இதை வெளியே வந்த பிறகு பிரி' என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். பிரித்தால் ஒரே வரி: 'நானும் எதிர்பார்க்கவில்லை.'

மருமகளே, உனக்கு எப்படிச் சொல்வது? பெங்களூரு மல்டிபிளெக்ஸ்களில் தமிழ்ப் படங்களைப் பல நேரம் ஆங்கில சப்டைட்டிலோடு போடுகிறார்கள் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் ஆங்கிலம் அரைகுறை. தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் படித்து, மனத்துக்குள் மறுபடி தமிழாக்குவதற்குள் காட்சி ஓடிவிடும். 'மெய்யழகன்' போல இரண்டு பேர் விடிய விடியப் பேசும் படத்தில் திண்டாடிப்போனேன். ஆனாலும் பாதி புரிந்தது. அந்தப் பாதிக்கே கண் கலங்கிவிட்டது.

காது கேளாதோரும் பார்வையற்றோரும் தியேட்டரில் படம் பார்க்க என்னென்ன வசதி வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதையும் நீதான் அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினாய். தமிழ்ப் பேச்சுக்குக் கீழே தமிழ் எழுத்தே வரும் நாளுக்காக அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

'கொட்டுக்காளி'க்குப் போன நாளை மறக்க முடியாது. படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் இசை வரவில்லை. காது மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து, இருட்டில் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், இரண்டு முறை. நீ என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் 'இசையே இல்லை' என்று எழுதினாய். அந்தப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. கதாநாயகியும் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. இசை இல்லாமல் என்ன படம் என்று வெளியே சிலர் அலுத்துக்கொண்டார்களாம். எனக்கோ, அரங்கில் இருந்த அத்தனை பேரும் படம் முடியும்வரை என் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

கவுண்டரில் இருக்கும் கன்னடத் தம்பிக்கும் நன்றி. வேறொரு தியேட்டரில் சப்டைட்டில் உண்டு என்று டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, உள்ளே போனபின் கையை விரித்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து இந்தத் தம்பி ஒவ்வொரு முறையும் உள்ளே போன் போட்டு விசாரித்த பிறகுதான் எனக்கு டிக்கெட் கிழிக்கிறார்.

'லப்பர் பந்து' பார்த்த அன்று பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா யார் என்று தெரியாது. கிரிக்கெட்டுக்குக் காது எதற்கு, கண் போதும் என்று நிம்மதியாக இருந்தேன். திடீரென்று அரங்கமே கைதட்டியது. விழிக்கிறேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி 'நீ பொட்டு வச்ச' என்றார். அவ்வளவு போதும். 1989இல், காது நன்றாக இருந்த காலத்தில் கேட்ட விஜயகாந்த் பாட்டு. மீதி எனக்குள்ளேயே ஓடியது. நான் பாடிய சுதி எப்படி இருந்ததோ, அவர் பொறுத்துக்கொண்டார்.

ஒரு துக்கமும் உண்டு. பெங்களூருவில் 1974இல் திறந்த காவேரி தியேட்டரை இந்த ஆண்டு மூடிவிட்டார்கள். கடைசியாக ஒரு தடவை போயிருக்கலாம். சோம்பல்.

நண்பரே, 'விடுதலை' இரண்டாம் பாகத்துக்கான நோட்டு கிடைத்தது. ஒன்பது பக்கம் வசனமா? கண்ணாடியை மாற்றிவிட்டுத்தான் படிக்க வேண்டும். முள்ளை மட்டும் இனி கொஞ்சம் மெல்ல அடியுங்கள். போன முறை நகம் பெயர்ந்துவிட்டது.