எந்தக் கிருமி என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்குப் பிறகு எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. 'குடிநீரில் கிருமிகள்' என்று உங்கள் நாளிதழில் செய்தி போட்டீர்கள். நல்லது. ஆனால் எந்தக் கிருமி என்று ஒரு வரி கூட இல்லை. நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கிருமி என்றால் எல்லாம் ஒன்றல்ல. காலராவை உண்டாக்கும் கிருமி விப்ரியோ என்ற பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. காசிமேட்டுக் கடல் தண்ணீரிலும் விப்ரியோ பாக்டீரியாக்கள் உண்டு. கடலும் முகத்துவாரமும்தான் அவை பிறந்து வளரும் இடம். காலரா விப்ரியோவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்று பெயரிட்ட இரண்டே. ஓ139 முதலில் தலைகாட்டியது 1992-ல், நம் சென்னையில்தான்.

விப்ரியோ வளர்ப்பதற்கென்றே உள்ள ஆய்வகத் தட்டில் காலரா விப்ரியோ மஞ்சள் புள்ளிகளாக வளரும். மஞ்சளைப் பார்த்ததுமே காலரா என்று எழுதிவிட மாட்டோம். ஒரு புள்ளியைத் தொட்டெடுத்து, கண்ணாடித் துண்டில் உப்புநீரில் கரைத்து, ஓ1 ஆன்டிசீரம் (ஓ1 வகையோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள் உள்ள திரவம்) ஒரு சொட்டு விடுவோம். அந்த வகைதான் என்றால் பால் திரிவது போலச் சில நொடியில் திரியும். இல்லையென்றால் அப்படியே கலங்கலாக நிற்கும். அப்புறமும் வேறு சோதனைகள் உண்டு.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் சங்கதி வேறு. அது நம் எல்லோர் குடலிலும் இருப்பது, பெரும்பாலான வகைகள் தீங்கு செய்யாது. ஆனாலும் குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்று கூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டைபாய்டும் காலராவும் வருவது அதே வழியில்தான்.

உங்கள் செய்தியைப் படித்த பயத்தில் பக்கத்து வீட்டு ஆயா, பேதியோ காய்ச்சலோ இல்லாமலே, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நோய்க்கிருமியை அண்டவிடாமல் குடலைக் காக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் சாகும். எனக்கு மனசே ஆறவில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், சரி. அதோடு ஈ.கோலை இருந்ததா, குழாய் முனையில் கிருமி கொல்லும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருந்ததா, எந்தத் தெரு மாதிரி என்பதையும் கேட்டுப் போடுங்கள். அப்போதுதான் எங்கள் தெருக்காரர்கள், கழிவுநீர் எந்த இடத்தில் கலக்கிறது, எப்போது தோண்டிச் சரிசெய்வீர்கள் என்று பொறியாளரிடம் போய்க் கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
தண்டையார்பேட்டை, சென்னை.