ஹீட்டர் வேறு, மோட்டார் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது வாட்டர் ஹீட்டர் போட்டால் அது அதிக ஆம்பியர் இழுத்து ஒயரை எரித்துவிடும், கரண்ட் பில்லும் எகிறும் என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் எதிர்வீட்டு அம்மா, ஹீட்டருக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் மன்னார்குடியில் 32 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவன். ஆகவே இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், "தாத்தா, எங்க புத்தகத்துல இதுக்கு நேர்மாறா இருக்கே" என்றான். சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று வாளியில் முங்கவைக்கிற ஹீட்டர் ராடை எடுத்தோம். அதன் கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. பிளக்கை உருவிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை 35 ஓம் காட்டியது.

எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனின் கடைசியில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் 184தான். ஆம்பியர் பார்க்க, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனியாகப் போகும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைக் கடையில் வைத்திருக்கிறேன். பேரன் ஆர்வத்தில், ஒயரைக் கவ்வியே ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரை எல்லா ஒயரையும் சேர்த்துக் கவ்வவிட்டான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் அல்லவா. கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் முதல் நாள் செய்கிற தப்பு அது. பேஸ் ஒயரை மட்டும் கவ்வியதும் 5.2 ஆம்பியர் வந்தது.

இனி கணக்கு அவனுடையது. 184-ஐ 5.2-ஆல் வகுத்தால் 35 ஓமுக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் 957 வாட்ஸ். மறுநாள் விடியற்காலை அதே ராடு, 228 வோல்ட், 6.4 ஆம்பியர். வகுத்தால் மறுபடியும் 35 சொச்சம். பெருக்கினால் 1459 வாட்ஸ். ஆக ஹீட்டரின் மின்தடை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதால்தான் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ராடின் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஒயர் எங்கிருந்து எரியும்?

பில் விஷயத்தையும் பார்த்துவிட்டோம். போர் தண்ணீர் காலையிலும் மாலையிலும் ஒரே பதத்தில்தான் வரும். ஒரு வாளி குளிக்கிற சூட்டுக்கு வர விடியலில் 13 நிமிடம், மாலையில் 20 நிமிடம் ஆனது. வாட்ஸையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டு வேளையும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவுதான். காத்திருக்கிற நேரம்தான் கூடுதல்.

குறிப்பு எழுதியவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் லோ வோல்டேஜ் என்றாலே காயில் போய்விடும் என்றுதான் பேச்சு. மோட்டாருக்கு அது உண்மை. 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் எடுக்கும். அதன் காயிலில் மீட்டரை வைத்தால் சில ஓம்தான் காட்டும். ஓடும்போது மோட்டாரே எதிர் வோல்டேஜ் உண்டாக்கிக் கரண்டைத் தடுத்துக்கொள்வதால்தான் பிழைக்கிறது. வோல்டேஜ் 340-க்கு இறங்கினாலும் பம்பு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாது. மோட்டார் சுணங்கும், ஆம்பியர் ஒன்பதைத் தொடும். காயில் சூடு ஆம்பியரின் வர்க்கப்படி ஏறுவதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அப்புறம் வார்னிஷ் கருகி, மூடியைக் கழற்றும்போதே ஒரு நாற்றம் வரும் பாருங்கள், அதில்தான் என் குடும்பம் இத்தனை வருடம் சாப்பிட்டது. அந்த மோட்டார் கதையைத்தான் யாரோ ஹீட்டருக்கு மாட்டிவிட்டார்கள்.

ஒயர் எரிவதுதான் கவலை என்றால் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் இந்த ராடைச் செருகுகிறார்கள். உள்ளே பித்தளை தளர்ந்து, ஒரே ஒரு ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 6.4 ஆம்பியரை 6.4-ஆல் பெருக்கினால் 41 வாட்ஸ். நான் ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான்! அதைவிடப் பெரியதொன்று சுவர் ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிளக் முள் கறுத்திருந்தாலோ, பிடுங்கும்போது சுட்டாலோ சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பாயின்ட்தான் சரி.

பேரன் அத்தோடு விடவில்லை. பரணில் கிடந்த 60 வாட்ஸ் குண்டு பல்பையும் அளந்தான். 230-ஐ 230-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்த கணக்குப்படி 882 ஓம் இருக்கவேண்டும், மீட்டரோ 65 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றான். கெடவில்லை. டங்ஸ்டன் இழை வெளுத்து எரியும்போதுதான் அந்தத் தடை வரும். குளிர்ந்து கிடக்கையில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஹீட்டரிலுள்ள நிக்ரோம் கம்பி அப்படி மாறுவதில்லை.

அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும். ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பேப்பரில் வந்தால்தான் நம்புவேன் என்கிறார்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
மன்னார்குடி